கிடைத்த நேரமும் செய்ய வேண்டிய வேலையும்

சிவில் டிப்ளமா முடித்து 1982-இல் ரயில்வேயில் சேர்ந்தவன் நான். 38 ஆண்டுகள் தண்டவாளத்தோடு வாழ்ந்துவிட்டு, 2020-இல் ஓய்வு பெற்றுப் பெங்களூரிலேயே தங்கிவிட்டேன். இப்போது நம் தமிழ் அன்பர்கள் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் என் காதில் விழும் வார்த்தை ஒன்றுதான்: "நேரமே இல்லை சார்!"

அவர்கள் சொல்வது பொய்யில்லை. காலை எட்டு மணிக்குக் கிளம்பி, சில்க் போர்டு சந்திப்பில் ஒரு மணி நேரம் நின்று, இரவு எட்டு மணிக்கு வீடு திரும்புகிறவருக்கு நேரம் எங்கிருந்து வரும்? ஆனால் என் தொழிலில் நான் ஒன்றைக் கற்றுக்கொண்டேன். நேரம் அதிகமாகக் கிடைப்பதில்லை என்பது நிச்சயம். கிடைத்த நேரத்துக்குள் எந்த வேலையைக் கொண்டுவருவது என்பது மட்டும் நம் கையில் இருக்கிறது. அதை எழுதித் தரும்படி நண்பர் ஒருவர் கேட்டுக்கொண்டார். எழுதிப் பழக்கமில்லாதவன்; பிழையிருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

'பிளாக்' என்றால் என்ன?

ரயில் பாதையில் பெரிய வேலை எதையும் நினைத்த நேரத்தில் செய்ய முடியாது. ஓடிக்கொண்டிருக்கும் பாதை அது. பெங்களூர் கன்டோன்மென்டுக்கும் ஜோலார்பேட்டைக்கும் இடையே 1864-இல் ரயில் விட்டார்கள். அன்று முதல் இன்று வரை அந்தப் பாதை சும்மா கிடந்த நாள் இல்லை. அப்படியானால் தேய்ந்த தண்டவாளத்தை எப்போது மாற்றுவது?

அதற்குத்தான் 'லைன் பிளாக்'. இன்ன ஸ்டேஷனுக்கும் இன்ன ஸ்டேஷனுக்கும் இடையே இத்தனை மணியிலிருந்து இத்தனை மணி வரை வண்டி எதுவும் விடப்படாது என்று கண்ட்ரோலில் அனுமதி வாங்க வேண்டும். ஸ்டேஷன் மாஸ்டர் அதை எழுத்து மூலம் கொடுப்பார். அதன் பிறகு இரு பக்கமும் 600 மீட்டர் தள்ளிச் சிவப்பு பேனர் கட்டி, 1200 மீட்டர் தள்ளித் தண்டவாளத்தின் மேல் பட்டாசு வில்லைகள் மூன்றைப் பத்துப் பத்து மீட்டர் இடைவெளியில் வைத்து, பிறகுதான் பாதையைப் பிரிக்கலாம். ஏதோ தவறி வண்டி வந்துவிட்டாலும், சக்கரம் ஏறி அந்த வில்லைகள் வெடிக்கும் சத்தத்தில் டிரைவர் விழித்துக்கொள்வார்.

இப்படிக் கிடைக்கும் நேரம் எவ்வளவு? இரண்டு மணி நேரம் கிடைத்தால் யோகம். இரண்டு கேட்டு ஒன்றரை கிடைப்பது வழக்கம். வண்டி தாமதம் என்றால் அதுவும் குறையும். முடிகிற நேரம் மட்டும் நீளாது. ஏனென்றால் அடுத்த ஸ்டேஷனில் எக்ஸ்பிரஸ் வண்டி வந்து நிற்கும்.

நான் செய்த தவறு

1986-இல் முதன்முதலாக என் பொறுப்பில் ஒரு பிளாக் எடுத்தேன். ஒரு வளைவில் வெளிப்புறத் தண்டவாளம் மூன்று துண்டு தேய்ந்திருந்தது; மாற்ற வேண்டும். ஒரு துண்டு 13 மீட்டர் நீளம். மீட்டருக்கு 52 கிலோ. ஆக 676 கிலோ. இருபது பேர் சேர்ந்து இடுக்கி போட்டுத் தூக்க வேண்டும்.

எனக்கு இள ரத்தம். பிளாக் கிடைத்ததே பெரிது, இதோடு உளுத்த சிலிப்பர் கட்டைகள் நான்கையும் மாற்றிவிடலாம், ஜல்லியையும் சரி செய்துவிடலாம், கிலோமீட்டர் கல்லுக்குச் சுண்ணாம்பும் அடித்துவிடலாம் என்று ஆட்களைப் பிரித்து நாலா பக்கமும் அனுப்பினேன். முதல் துண்டை மாற்றினோம். இரண்டாவதை வைத்துப் பிஷ்பிளேட்டைப் பொருத்தினால் போல்ட் ஓட்டை சேரவில்லை. புதிய துண்டின் ஓட்டையை நான் முன்கூட்டியே அளந்து பார்க்கவில்லை. துளை போடும் கருவியோ இரண்டு கிலோமீட்டர் தள்ளி டூல் ரூமில் இருந்தது.

பிளாக் 40 நிமிடம் தாண்டிவிட்டது. அத்தனை நேரமும் அவுட்டர் சிக்னலில் ஒரு எக்ஸ்பிரஸ் நின்றது. மறுநாள் என் மேலதிகாரி திட்டவில்லை. ஒரு காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டார். "வண்டியில ஆயிரம் பேர்னு வைப்போம்பா. ஆளுக்கு 40 நிமிஷம். மொத்தம் 40,000 நிமிஷம். கிட்டத்தட்ட 28 நாள். ஒரு மனுஷனோட ஒரு மாசத்த நேத்து நீ சாப்பிட்டிருக்க" என்றார். அந்தக் காகிதத்தை வெகுநாள் என் டயரியில் வைத்திருந்தேன்.

ஆனால் பாடம் சொன்னவர் அவரல்ல; எங்கள் கேங்கின் வயதான மேட். படிப்பறிவு அதிகமில்லாதவர். "சார், பிளாக்குல தேடக் கூடாது சார். தேடுறத நேத்தே தேடியிருக்கணும்" என்றார்.

மூன்று பட்டியல்

அதன் பிறகு ஓய்வு பெறும் வரை எந்த பிளாக் எடுத்தாலும், முந்தின நாள் ஒரு தாளில் மூன்று கட்டம் போடுவேன். முன்னால் செய்யக்கூடியது, பிளாக்கில் மட்டுமே செய்யக்கூடியது, பின்னால் செய்யக்கூடியது.

தண்டவாளத் துண்டை இடத்துக்குக் கொண்டுவந்து போடுவது, அளப்பது, ஓட்டை சரிபார்ப்பது, போல்ட்டுக்கு எண்ணெய் போடுவது, ஸ்பானர், சுத்தியல் எல்லாவற்றையும் எண்ணி வைப்பது ஆகியவை முதல் கட்டம். வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே இவற்றைச் செய்யலாம். பழைய துண்டைப் பிரித்து எடுப்பது, புதியதை வைப்பது, பிஷ்பிளேட் மாட்டுவது, இரு தண்டவாளங்களுக்கும் இடையே 1676 மில்லிமீட்டர் இருக்கிறதா என்று கேஜ் வைத்துப் பார்ப்பது ஆகியவை நடுக் கட்டம். பழைய இரும்பைச் சேகரிப்பது, ஜல்லி கொத்துவது, மறுபடி போல்ட் முடுக்குவது, சுண்ணாம்பு அடிப்பது எல்லாம் மூன்றாவது கட்டம். முதல் வண்டியை 20 கிலோமீட்டர் வேகத்தில் மெதுவாக விட்டுவிட்டு இவற்றைச் செய்துகொள்ளலாம்.

இப்படிப் பிரித்து எழுதிப் பார்த்தபோது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. பத்து வேலை என்று நான் நினைத்ததில் நான்குதான் நடுக் கட்டத்தில் விழுந்தன. மற்ற ஆறும் முக்கியமில்லாதவை என்று சொல்ல மாட்டேன், அவையும் வேண்டியவைதான். ஆனால் அவற்றுக்கு பிளாக் தேவையில்லை. வேறு எப்போது வேண்டுமானாலும் செய்யக்கூடிய வேலையை பிளாக்கில் செய்தால், பிளாக்கில் மட்டுமே செய்யக்கூடிய வேலை நின்றுபோகும்.

இன்னும் இரண்டு வழக்கங்களையும் வைத்துக்கொண்டேன். மூன்று துண்டு மாற்ற நேரம் போதாது என்று தெரிந்தால் இரண்டோடு நிறுத்திவிடுவேன். பிரித்துப் போட்டு மூடாத பாதையைவிடத் தேய்ந்த பாதை மேல். மற்றொன்று, கடைசி 15 நிமிடத்துக்கு எந்த வேலையும் ஒதுக்க மாட்டேன். ஏதாவது ஒன்று தவறும் என்பது தெரிந்த விஷயம். எது தவறும் என்பதுதான் தெரியாது.

பாம்பனில் நடந்தது

இதே விஷயத்தை மிகப் பெரிய அளவில் செய்துகாட்டிய நிகழ்ச்சி நம் தமிழ்நாட்டிலேயே உண்டு. 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பாம்பனிலிருந்து தனுஷ்கோடி சென்ற பாசஞ்சர் வண்டியைக் கடல் கொண்டுபோயிற்று. நூற்றுக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். 1914-இல் திறக்கப்பட்ட பாம்பன் பாலத்தின் 145 கர்டர்களில் 120-க்கும் மேற்பட்டவை கடலில் விழுந்தன. கப்பல்களுக்காகத் திறந்து மூடும் நடுப்பகுதி மட்டும் தப்பியது.

அப்போது சாலைப் பாலம் கிடையாது. அது 1988-இல்தான் வந்தது. ராமேசுவரத்துக்கு நிலவழித் தொடர்பு என்றால் இந்த ரயில் பாலம் ஒன்றே. இதைச் சீரமைக்க ரயில்வே முதலில் வைத்த கெடு ஆறு மாதம். தெற்கு ரயில்வேயின் பொது மேலாளர் அதை மூன்று மாதமாகக் குறைத்தார். பொறுப்பு 32 வயது எஞ்சினியர் ஒருவரிடம் வந்தது. அவர்தான் பின்னாளில் கொங்கண் ரயில்வே, டெல்லி மெட்ரோ ஆகியவற்றால் நாடறிந்தவரான இ. ஸ்ரீதரன்.

அவருக்கு முன்னால் இருந்த வேலைகளை எண்ணிப் பாருங்கள். ஆட்களைச் சேர்க்க வேண்டும். அவர்களுக்குத் தங்க இடமும் சாப்பாடும் வேண்டும். படகும் கிரேனும் வேண்டும். தூண்களைப் பரிசோதிக்க வேண்டும். ஆனால் எல்லாம் ஒரே இடத்தில் போய் முட்டிக்கொண்டன. கர்டர் எங்கே? கர்டர் இல்லாமல் ஆயிரம் பேர் இருந்தும் பயனில்லை. புதிதாகச் செய்ய வேண்டும், அல்லது நாட்டின் வேறு பகுதிகளிலிருந்து கொண்டுவர வேண்டும் என்றால் மாதங்கள் அதிலேயே கரைந்துவிடும்.

விழுந்த கர்டர்கள் கடலடியில் கிடக்கின்றன என்பதை அங்குள்ள மீனவர்கள் அறிந்திருந்தார்கள். அவர்களுடைய உதவியோடு பழைய கர்டர்களையே கண்டுபிடித்து, மேலே தூக்கி, மறுபடி தூண்களின் மேல் ஏற்றுவது என்று முடிவாயிற்று. 46 நாளில் பாலம் தயாராயிற்று. ஆறு மாதம் என்றது ஒன்றரை மாதத்தில் முடிந்தது.

ஊழியர்கள் இரவும் பகலும் உழைத்ததால் இது நடந்தது என்று சொல்வார்கள். உழைத்தார்கள்தான், சந்தேகமில்லை. ஆனால் அதே ஆட்கள், புதிய கர்டர் வரட்டும் என்று காத்திருந்தால் இரவு பகலாகக் கண் விழித்தும் 46 நாளில் முடிந்திருக்காது. எந்த ஒரு முடிச்சு அவிழ்ந்தால் மற்றவை தாமாக அவிழும் என்று பார்த்து, முதலில் அதில் கை வைத்ததுதான் அங்கே நாம் படிக்க வேண்டியது.

தனுஷ்கோடிக்குச் சென்ற ரயில் பாதை அதன் பிறகு போடப்படவே இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். எல்லாவற்றையும் பழையபடி ஆக்கிவிட முடியாது. அந்தப் பழைய பாலமும் 2022 டிசம்பர் வரை வண்டிகளைத் தாங்கிவிட்டு ஓய்வு பெற்றது. அருகிலேயே கட்டிய புதிய பாலம் 2025 ஏப்ரல் 6-ஆம் தேதி திறக்கப்பட்டது.

ஸ்ரீதரன் பின்னாளில் தம் பணியிடங்களில் ஒரு வழக்கம் வைத்திருந்தார். இலக்கு நாளுக்கு இன்னும் எத்தனை நாள் மீதி என்று தலைகீழாக எண்ணிக்கொண்டே வரும் கடிகாரப் பலகையை எல்லோர் கண்ணிலும் படும்படி மாட்டிவைப்பார். சாதாரணக் கடிகாரம் மணி என்ன என்று மட்டும் சொல்லும். இந்தப் பலகை மீதி என்ன என்று சொல்லும்.

வீட்டில் ஏது பிளாக்?

ரயில்வே கதை போதும், எங்களுக்கு இதனால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். சொல்கிறேன்.

எங்கள் அடுக்குமாடியில் நம் ஊர்ப் பக்கத்துத் தம்பதி இருக்கிறார்கள். இருவரும் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. ஆறு வயதுப் பெண் குழந்தை. இருவரும் வீட்டில் இருந்து, குழந்தையும் விழித்திருக்கும் நேரம் இரவு எட்டரை முதல் ஒன்பதேகால் வரை. முக்கால் மணி நேரம். அவர்களுடைய பிளாக் அதுதான். ஆனால் கரண்ட் பில் கட்டுவது, மளிகைக்குச் சொல்வது, ஆபீஸ் தகவல்களுக்குப் பதில் அனுப்புவது எல்லாம் அந்த முக்கால் மணியில்தான் நடந்துகொண்டிருந்தன. கரண்ட் பில்லை மெட்ரோ ரயிலில் போகும்போதே கட்டலாம். மளிகைக்கு மதியம் சொல்லலாம். குழந்தையோடு பேசுவதை மட்டும் வேறு நேரத்தில் செய்ய முடியாது.

குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். நான் இதைவிட மோசமாகச் செய்தவன்.

என் மகன் பெங்களூரில் பிறந்து வளர்ந்தவன். பள்ளியில் கன்னடம், ஆங்கிலம், இந்தி படித்தான். மூன்றும் அவனுக்கு வேண்டியவையே. கன்னடம் நமக்குச் சோறு போடும் மண்ணின் மொழி. தமிழ் மட்டும் வீட்டில் பேசுவதோடு நின்றது. எழுதப் படிக்கச் சொல்லித் தர வேண்டும் என்று ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் நினைப்பேன். அந்த வருடம் பாதை புதுப்பிப்பு, அடுத்த வருடம் இன்ஸ்பெக்ஷன். கொஞ்சம் ஓயட்டும், ஓய்ந்ததும் பார்க்கலாம் என்று தள்ளினேன். பாதையில் வண்டி ஓய்வதே இல்லை என்பது மற்றவரைவிட எனக்கல்லவா தெரிந்திருக்க வேண்டும்! அதனால்தானே ரயில்வேயிலேயே பராமரிப்புக்கென்று நேரத்தை முதலிலேயே ஒதுக்கி, அதை விட்டு வண்டிகளுக்கு டைம் டேபிள் போட வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். வண்டியெல்லாம் ஓடி முடித்து மிச்சமாகும் நேரத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்றால் ஒரு போல்ட்டைக்கூட மாற்ற முடியாது.

லால்குடியில் இருந்த என் தாயார் பேரனுக்கு மாதம் ஒரு இன்லண்ட் லெட்டர் எழுதுவார்கள். அவன் பெயருக்கேதான் வரும். நான் ஊரில் இருக்கும் நாளில் அதைப் படித்துக் காட்டுவேன். 2009-இல் அம்மா காலமானார்கள். காரியமெல்லாம் முடிந்து பெங்களூர் திரும்பிய ஒரு வாரத்தில், என் மகன் தன் அலமாரியிலிருந்து அந்தக் கடிதக் கட்டை எடுத்துக்கொண்டு வந்தான். அறுபதுக்குக் குறையாது. "அப்பா, இத எனக்குப் படிச்சுக் காட்டுங்கப்பா" என்றான். எஞ்சினியரிங் முடித்த பிள்ளை. தன் பாட்டி தனக்கு எழுதிய கடிதத்தைத் தானே படிக்க முடியாமல் நின்றான். நான் படித்தேன். நாலாவது கடிதத்துக்கு மேல் என்னால் படிக்க முடியவில்லை.

இருபது நிமிடத் தமிழ்

அந்தத் தவறைப் பேரன் விஷயத்தில் செய்யக் கூடாது என்று தீர்மானித்தேன். அவனுக்கு ஆறு வயது. இரவு எட்டரை முதல் எட்டு ஐம்பது வரை இருபது நிமிடம் என்று மருமகளிடம் கேட்டு வாங்கிக்கொண்டேன். அந்த நேரத்தில் டி.வி. இல்லை, போன் இல்லை, விருந்தாளி வந்தாலும் இருபது நிமிடம் உட்காரத்தான் வேண்டும்.

இருபது நிமிடத்தில் எதைச் சொல்லிக் கொடுப்பது? பழையபடி தாளை எடுத்துக் கட்டம் போட்டேன். தமிழில் 247 எழுத்து என்று சொல்லிப் பிள்ளையைப் பயமுறுத்துகிறோம். ஆனால் உயிர் 12, மெய் 18, ஆக 30 எழுத்துத் தெரிந்தால் அடித்தளம் முடிந்தது. ஆய்தம் ஒன்று. மீதி 216-உம் உயிர்மெய். கால், கொக்கி, சுழி, கொம்பு என்ற குறிகளைத் தெரிந்துகொண்டால் அவற்றில் பெரும்பகுதியைப் பிள்ளை தானே கூட்டிப் படித்துவிடும். கு, சு, து, நு என்று உகர, ஊகார வரிசைகளில் மட்டும் எழுத்துக்கு எழுத்து வடிவம் மாறுகிறது. அவற்றுக்குத் தனியாகச் சில வாரம் ஒதுக்கினேன்.

எழுதுவதை ஒத்திப்போட்டேன். முதல் மூன்று மாதம் படிப்பது மட்டும். அழகான கையெழுத்து, இலக்கணம், ஒற்று மிகும் இடம் எல்லாம் பின்னால் வரும் கட்டம். எழுத்துக் கூட்டிப் படிக்க வந்துவிட்டால் மற்றவை தாமாகச் சூடு பிடிக்கும் என்பது என் கணக்கு. மறுநாள் படிக்க வேண்டிய சொற்களை அட்டையில் பெரிதாக எழுதி வைப்பது பகலில் என் வேலை. அந்த இருபது நிமிடத்தில் பேனா தேடக் கூடாதல்லவா?

சில நாள் தவறியது. காய்ச்சல், பரீட்சை, கல்யாணம். தவறிய நாளுக்காக மறுநாள் நாற்பது நிமிடம் உட்கார வைக்கவில்லை. அப்படிச் செய்தால் பிள்ளைக்கு வெறுத்துவிடும்.

பத்து மாதம் கழித்துக் குடும்பத்தோடு ரயிலில் ஊருக்குப் போனோம். குப்பம் தாண்டித் தமிழ்நாட்டு எல்லைக்குள் வண்டி நுழைந்தது. ஜோலார்பேட்டையில் நின்றதும் பேரன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பெயர்ப்பலகையைப் பார்த்தான். முதல் எழுத்தில் திணறினான். பிறகு "லார்...பேட்...டை" என்று உரக்கப் படித்துவிட்டு, "தாத்தா, முதல் எழுத்த நீங்க சொல்லியே தரல" என்று என்னிடம் சண்டைக்கு வந்தான். உண்மைதான். 247-இல் 'ஜ' கிடையாது, நான் விட்டுவிட்டேன். வண்டி கிளம்புவதற்குள் சொல்லிக் கொடுத்தேன்.

இப்போது அவனுக்கு ஏழு முடிந்துவிட்டது. சென்ற மாதம் என் மகன் அந்தக் கடிதக் கட்டை மறுபடி எடுத்தான். பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, பிள்ளை எழுத்துக் கூட்டிக் கூட்டிப் படிக்க, அப்பன் கேட்டுக்கொண்டிருந்தான். ஒரு கடிதம் முடிய அரை மணி ஆயிற்று. இரண்டு இடத்தில் அம்மாவின் கையெழுத்துப் புரியவில்லை என்று என்னிடம் கொண்டுவந்தார்கள். என் மகனும் இப்போது எட்டரை மணிக்குப் பிள்ளையின் பக்கத்தில் வந்து உட்காருகிறான்.

அன்பர்களே, உங்கள் வீட்டு பிளாக் எது என்று எனக்குத் தெரியாது. ஊரில் இருக்கும் தாய் தந்தையரோடு ஞாயிற்றுக்கிழமை காலையில் பேசுவதாக இருக்கலாம். தள்ளிப்போட்டு வரும் ஒரு வைத்தியப் பரிசோதனையாக இருக்கலாம். பிள்ளையின் படிப்பாக இருக்கலாம். இன்று இரவு ஒரு தாளை எடுத்து மூன்று கட்டம் போடுங்கள். நடுக் கட்டத்தில் எது வருகிறது என்று பாருங்கள். வந்ததற்கு ஒரு நேரம் குறித்து, வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள். அதற்கு வேண்டிய ஸ்பானரை மட்டும் முதல் நாளே எடுத்து வைத்துவிடுங்கள்.